மேசையில் கிடந்த புத்தகங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த நான்கு தமிழ் அலமாரிகளும் உர்சுலா சேர்த்தவை. பன்னிரண்டு வருடங்களாக ஞாயிறு பூசை முடிந்ததும் சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் புத்தகம் பொறுக்கி, நூலகத்துக்கு வாங்கி, பட்டியலிட்டு, முதுகில் எண் ஒட்டி அடுக்கியவள். நான்கை நாற்பதாக்கிவிட்டுத்தான் ஓய்வு பெறுவது என்று அவளுக்கு ஆசை. மகளுக்குக் கல்யாண நினைப்பே இல்லை என்று அம்மா அல்போன்சம்மாள் கோயிலில் பார்ப்பவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வாள்.

எழுபதுகளின் கடைசியில் நூலகம் புது வளாகத்துக்கு மாறுவதாயிற்று. யாரும் படிக்காத புத்தகம் அங்கே வராது என்று தலைமை நூலகர் ஹலீமா சொல்லிவிட்டார். மூன்று மாதம் கணக்கெடுப்பு. வாசகர்கள் படித்துவிட்டு மேசையில் விட்டுப்போகும் புத்தகங்களைத் தினமும் மாலையில் எண்ணி, ஒன்றுக்கு ஒரு கோடு போட வேண்டும். இரண்டு மாதம் முடிந்தபோது தமிழுக்கு ஒரு கோடுகூட இல்லை.

உர்சுலாவுக்கு ஆறவில்லை. படிக்க ஆளா இல்லை? சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் தோட்டக்காரர் பரமசிவம், ஆய்வுக்கூடத்து இயேசுதாசன், கேண்டீன் ரபியா என்று ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் படித்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். மேசையிலேயே விடச் சொல்லும் அறிவிப்பை ஒருவரும் சட்டை செய்ததில்லை. எங்கள் ஆட்களின் ஒழுங்கைப் பாருங்கள் என்று சக நூலகர்களிடம் பீற்றிக்கொண்டவளும் இதே உர்சுலாதான். அந்த ஒழுங்கு இப்போது அவள் கழுத்தையே அறுத்தது.

தானே நாலு புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு நாள் இரண்டை எடுத்தும்விட்டாள். கை கூசவே திரும்ப வைத்தாள். சனிக்கிழமை ஒவ்வொருவரிடமும் போய், "படிச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போங்க, நான் எடுத்து வச்சிக்கிறேன்" என்று கெஞ்சினாள்.

மூன்றாம் மாதம் கோடுகள் முப்பதைத் தொட்டன. ஹலீமாவுக்குச் சந்தேகம் வந்தது. நீயே எடுத்துப் போட்டாயா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். உர்சுலா அழுகையை விழுங்கிக்கொண்டு, சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றாள்.

ஹலீமா வந்தார். பரமசிவம் இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் படித்தார். பிறகு பழக்கதோஷத்தில் எழுந்துபோய்ப் புத்தகத்தை அலமாரியில் சொருகிவிட்டார். ஹலீமா பார்த்துக்கொண்டிருக்கும்போது உர்சுலாவால் வாய் திறக்க முடியவில்லை. உயிரே போய்விட்டது அவளுக்கு. கதவுவரை போன பரமசிவம் சட்டென்று நின்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே புத்தகத்தை உருவி, குற்றம் செய்கிற ஆள்போல மேசையில் வைத்தார்.

எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று ஹலீமா மலாய் மொழியில் கேட்டார். பதினோரு வருடமாக, சனிக்கிழமை தவறாமல் என்றார் பரமசிவம்.

ஹலீமா கணக்குத் தாளை இழுத்துத் தன் கையாலேயே ஒரு கோடு போட்டார். நான்கு அலமாரிகளும் வரட்டும் என்றார். உர்சுலாவைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டார்.

பதினோரு வருடம் கண்ணெதிரே படித்த மனிதரைத் தான் இந்த மாதம்வரை ஒரு கோடாகக்கூட எழுதி வைக்கவில்லையே என்று உர்சுலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது. பரமசிவம் பதறிப்போனார்.

"அழாதீங்கம்மா. அடுத்த வாரம் மறக்காம போட்டுட்டுப் போறேன்."