ஏழுமலைக்குப் பதிலாக நின்ற நெஞ்சு

நேராகிப்போன எலும்பு

எனக்கு முகம் மறந்துவிடும். நெஞ்சு மறக்காது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகவே என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. கடைத்தெருவில் யாராவது "இன்னா எக்ஸ்ரேம்மா, சௌக்கியமா?" என்றால் யாரென்று தெரியாமலே சிரித்து வைப்பேன். அதே ஆளின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டுங்கள், பெயரோடு சொல்லிவிடுவேன். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டில் இது பெரிய கேலி. "என்னையாவது முகத்தைப் பார்த்துத் தெரியுதா மெஹர்?" என்பார் என் வீட்டுக்காரர்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் பொசிஷன் பற்றியும் எக்ஸ்போஷர் பற்றியும் கேட்கிறார்கள். அதில் பாதியை மெஷினே சொல்லிக்கொடுத்துவிடும். மெஷின் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

நகரத்துக்கு வெளியே, தெற்கே, ஒரு குவார்ட்ஸ் மில் இருந்தது. பக்கத்து மாநிலத்தில் அவர்களுக்கே சொந்தமாக ஒரு சுரங்கம். அங்கே வெட்டிய வெள்ளைக்கல் லாரியில் வரும், மில்லில் அரைத்துப் பவுடராக்கி மூட்டை கட்டுவார்கள். கண்ணாடி செய்யவும் சோலார் பேனல் செய்யவும் அந்தப் பவுடர் வேண்டும். அந்த மில் ஆட்களுக்கு வருடாந்திர மெடிக்கல் செக்கப் எங்கள் கிளினிக்கில்தான் நடக்கும். வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாவற்றிலும் மாவு படிந்த மாதிரி இருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் அது போகாது.

ஒரு வருடம் வழக்கமான மாதத்துக்கு முன்பே வேன் வந்துவிட்டது. நான் பெயர் கூப்பிட்டேன். "ஏழுமலை." முப்பது வயதைத் தொடாத ஓர் ஆள் வந்து நின்றான். கழுத்தில் கம்பெனி அட்டை. அட்டையில் இருந்த போட்டோ வெளுத்துப்போய் யாருக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. தாயத்தைக் கழற்றச் சொன்னேன். மோவாயை ஸ்டாண்டின் மேல் வைத்து, கைகளை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொன்னேன். "மூச்சை நல்லா இழு. பிடி. விடாதே." பிடித்தான். படம் வந்தது.

அவ்வளவு சுத்தமான நுரையீரலை அந்த மில்லிலிருந்து நான் பார்த்ததே இல்லை. மில் ஆட்களில் பலருக்கு நுரையீரலின் மேல் பகுதியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். இவனுக்கு ஒன்றுகூட இல்லை. போன வருடத்து ஏழுமலையின் படத்தை எடுத்துப் பக்கத்தில் போட்டேன். அதில் புள்ளிகள் இருந்தன. அதைவிட, கழுத்தடியில் வலது காறை எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. சின்ன வயதில் கோட்டூர்புரம் பாலத்திலிருந்து அடையாற்றில் குதித்தபோது உடைந்தது என்று அவனே போன வருடம் சொல்லியிருந்தான். அப்போது அவன் குடும்பம் ஆற்றங்கரையில்தான் இருந்தது. பிறகு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் கிடைத்த ஒரே வேலை இந்த மில்.

நான் வெளியே வந்தேன். "ஏம்ப்பா, போன வருஷம் கோணலா இருந்த எலும்பு இந்த வருஷம் எப்படி நேராச்சு?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். "நான் தினேஷும்மா. ஏழுமலை எங்க மாமா. அக்கா ஊட்டுக்காரரு. கீழ டீக்கடையில கீறாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிப் போனேன்.

டீக்கடையில் பேசியது

ஏழுமலை என்னைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தான். எழுந்து நிற்கவே மூச்சு வாங்கியது. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் திட்ட வந்ததை விட்டுவிட்டு, அவனை உட்காரச் சொல்லி நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"உட்டுடும்மா," என்றான். "மில்ல வெள்ளக்காரன் வாங்கப் போறானாம். வாங்கிட்டா எல்லாருக்கும் பர்மனென்ட்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டாம். ஆனா நெஞ்சுல புள்ளி இருந்தா எடுத்துக்க மாட்டானாம். சூப்பர்வைசரே சொல்லிக்கினு கீறாரு. நான் கட்டாத மூட்டையா? எங்க நெஞ்ச அரைச்சுத்தான் அந்த மில்லு நிக்குது. இப்போ பர்மனென்ட்டு வர்ற நேரத்துல நான் வெளிய போவணுமா?"

"நீ தினேஷ் நெஞ்சைக் காட்டி உள்ளே போயிட்டா, அந்தத் தூசியை யாரு இழுப்பா? தினேஷா?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷம் அங்கே நின்னா உன்னால மாடிப்படி ஏற முடியாது ஏழுமலை."

"இப்பவே முடியலம்மா. லிஃப்டும் ரிப்பேரு. ஆறாவது மாடி." சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நான் அவனிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக் கம்பெனி, அவர்கள் ஊரில் இந்தத் தூசி விஷயத்தில் சட்டம் கெடுபிடியாக இருக்கும், உண்மையான படம் அவர்கள் கையில் போனால்தான் நஷ்டஈடும் வைத்தியமும் கேட்க முடியும் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். எங்கள் டாக்டரும் அப்படித்தான் நம்பினார்.

ஏழுமலை டீக்குக் காசு கொடுத்தான். "நீ சொல்றியேன்னு வர்றேம்மா" என்று மாடி ஏறி வந்தான். ஸ்டாண்டில் மோவாயை வைத்தான். மூச்சை இழுத்தான். பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முறைதான் படம் அசையாமல் வந்தது.

அந்தப் படத்தில் பொடிப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக நின்றன.

வாங்க வந்தவர்கள்

எங்கள் டாக்டர் வரதன் மயிலாப்பூர்க்காரர், நெஞ்சு நோய் மருத்துவர். நேர்மையானவர், ஆனால் பயந்த சுபாவம். மில் ஆட்களின் படங்களில் அதுவரை "பழைய டி.பி. தழும்பாக இருக்கலாம்" என்றுதான் எழுதுவார். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். காரணம் எளிது. டி.பி. என்றால் அது அவனவன் வீட்டு நோய். சிலிக்கோசிஸ் என்றால் கல்தூசி நுரையீரலில் படிந்து வருவது, மில் கொடுத்த நோய், மில்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏழுமலையின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சளி பரிசோதனையில் டி.பி. கிருமி இல்லை என்று வந்திருந்தது.

"இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதிடறேன் மெஹர்," என்றார். "வாங்கறவா வெளிநாட்டுக்காரா. அவாளுக்கு இதெல்லாம் ரொம்ப முக்கியம். ஆத்துல கூட நேத்து சொல்லிண்டிருந்தேன், இனிமேலாவது அந்த மில்லுல தூசி அடங்கும்னு."

ஏழுமலைக்கும் அவனைப் போல் இருந்த மற்றவர்களுக்கும் சிலிக்கோசிஸ் என்றே எழுதினார். சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்பதால் அங்கேயும் எழுதிப் போட்டார்.

பிறகு வாங்குகிற கம்பெனியின் சார்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். உயரமானவர், தி. நகரில் வாங்கிய பருத்திச் சுடிதார் போட்டிருந்தார். கூடவே மில்லின் ஹெச்.ஆர். மேனேஜர் பிரபாகர். அந்த அம்மாள் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். டாக்டர் விளக்கினார். ஏழுமலையின் படத்தில் அவர் முகம் மாறியது. "இவருக்கு என்ன வயது?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தக் கண்ணீர் நிஜம்தான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் ஊருக்குப் போய் எழுதிய அறிக்கையின் பேரில், வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. கம்பெனி கைமாறும் நாளில் வேலையாட்களில் யாருக்கும் இந்த நோய் இருக்கக்கூடாது, இருப்பவர்களின் விஷயத்தைப் பழைய முதலாளியே முடித்துக் கொடுக்க வேண்டும்.

பழைய முதலாளி முடித்துக் கொடுத்தார். எங்கள் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளி உள்ளவர்களை எல்லாம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள், மில்லின் ஆட்களே இல்லை என்றார்கள். கைமாறிய அன்று மில்லில் நோயாளி ஒருவர்கூட இல்லை. அந்த வகையில் நிபந்தனை அப்படியே நிறைவேறியது.

பிரபாகரை ஒருநாள் கிளினிக் வாசலில் மடக்கினேன். "உங்களுக்கு மனசாட்சியே இல்லையா சார்?"

"மேடம், என் மேல ஏன் பாயறீங்க? முதலீடு வரணும்னா வீட்டைக் கூட்டிப் பெருக்கித்தானே காட்டணும்? உங்க கிளினிக் பேரு அவங்ககிட்ட எங்கேயோ போயிடுச்சு. நம்பகமான ரிப்போர்ட்டுன்னு சொல்லி, இனிமே வருஷா வருஷம் உங்களுக்கேதான் கான்ட்ராக்ட்."

நல்ல வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு அது. 

செல்வி வந்தாள்

அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டதைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. ஏழுமலையின் மனைவி செல்விதான் வந்தாள். காலையிலேயே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் படத்தக் குடும்மா. கேஸு போடணும்னா படம் கேக்குறாங்க. மில்லுல போனா, உன் புருசனுக்கு டி.பி., எங்கியோ ஒட்டிக்கினு வந்தான்னு சொல்றானுங்க."

டாக்டர் கையைப் பிசைந்தார். செக்கப்புக்குக் காசு கொடுத்தது கம்பெனி, படமும் ரிப்போர்ட்டும் கம்பெனிக்குச் சொந்தம், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. "சட்டச் சிக்கல் ஆயிடும் மெஹர்" என்றார்.

"நெஞ்சு அவனோடது டாக்டர். அதைப் பிடிச்ச படம் எப்படிக் கம்பெனியோடதாகும்? நான் குடுக்கப் போறேன். வேலையை விட்டுத் தூக்கணும்னா தூக்கிக்குங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். நான் இரண்டு வருடத்துப் படங்களையும் எடுத்துக் கொடுத்தேன். செல்வி அதைப் புடவைத் தலைப்பால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கேஸ் போட்டார்கள். மில் இப்போது வேறு கம்பெனி, பழைய கம்பெனி இப்போது இல்லை, கான்ட்ராக்டரைக் காணோம் என்று வாய்தா மேல் வாய்தா. ஏழுமலை கடைசி மாதங்களில் படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினானாம். போய்ச் சேர்ந்துவிட்டான். லிஃப்ட் அப்போதும் ரிப்பேர். ஆறு மாடியும் தோளில்தான் இறக்கினார்களாம்.

மறுபடியும் தினேஷ்

ஏழுமலையை நிறுத்தியதும் அந்த வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. புது முதலாளிகள் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், சுத்தமான நெஞ்சு உள்ளவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். அந்த வேனில் தினேஷ் வந்து இறங்கினான். "இந்த வாட்டி நானே நான்தாம்மா" என்று அட்டையைக் காட்டினான். போட்டோ பளிச்சென்று இருந்தது. தகுதி இருக்கிறது என்று ரிப்போர்ட் போனது. போகாமல் எப்படி இருக்கும்? அவன் நுரையீரல் கண்ணாடி மாதிரி இருந்ததே.

மில்லில் புது போர்டு, புது யூனிஃபார்ம், ஆளுக்கொரு முகமூடி எல்லாம் வந்தன. மூட்டை கட்டும் ஷெட்டில் தூசி உறிஞ்சும் மெஷின் மட்டும் அடுத்த கட்ட முதலீட்டில் வரும் என்றார்கள். வருடா வருடம் அடுத்த கட்டம் என்றே சொன்னார்கள். பர்மனென்ட்டும் அடுத்த கட்டம்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின செக்கப்பில் தினேஷ் ஸ்டாண்டில் மோவாயை வைத்தான். மூச்சை இழுக்கச் சொன்னேன். பிடித்தான், ஆனால் முன்பு மாதிரி பிடிக்க முடியவில்லை. படம் வந்தது. அதே எலும்பு, அதே நேரான காறை எலும்பு. மேல் பகுதியில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

யா அல்லா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து திரையைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமாவின் படத்தை வீட்டில் பார்த்துப் பழகியவன்.

"எக்ஸ்ரேம்மா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்காத. அன்னிக்கு நீ என் படத்தையே மாமா படம்னு உட்டிருந்தா, மாமா உள்ள இருந்திருப்பாரு. நான் வெளிய இருந்திருப்பேன். இல்ல?"

"மாமா செத்திருப்பாருப்பா."

"அதான் இப்பவும் செத்துட்டாரேம்மா."

  நான் அவன் படத்தை எடுத்து, உறையில் போட்டு, உறையின் மேல் அவன் பெயரை எழுதி, கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் அவன் கையில் கொடுத்தேன். அன்று வேனில் வந்த அத்தனை பேருக்கும் அப்படியே கொடுத்தேன். வேனோடு வந்திருந்த பிரபாகர் கத்தினார். டாக்டர் வரதன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தன் அறையிலிருந்து வெளியே வந்து, "அவா படத்தை அவாளுக்குக் கொடுக்கறோம், என்ன தப்பு?" என்றார். அடுத்த வருடக் கான்ட்ராக்ட் எங்களுக்கு வரவில்லை. வேறு கிளினிக்கில் பழைய டி.பி. தழும்பு என்று எழுதுகிறார்களாம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்கள் படம் எடுங்கள், தெளிவாக எடுங்கள். ஆனால் அது யார் மேசைக்குப் போகிறது, போய் என்ன செய்யும் என்று கேளுங்கள். எடுத்த படத்தில் ஒன்றை முதலில் அந்த ஆளின் கையில் கொடுங்கள். அவனுக்கு அது என்ன என்று உட்கார்ந்து சொல்லுங்கள்.

தினேஷ் இன்னும் அந்த மில்லில்தான் இருக்கிறான். வேலையை விட்டுவிடு என்று போனில் சொன்னேன். "வேற வேல பாத்துக்கினு கீறேம்மா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமல் நிற்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நிற்கவில்லை. அவன்தான் வைத்துவிட்டான்.