மதினியின் இருமலைக் கற்றுக்கொண்ட குருவி

அண்ணன் அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்ற சனிக்கிழமை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு கையில் ஏலக்காய் மூட்டை, இன்னொரு கையில் கூண்டு. உள்ளே பச்சையும் மஞ்சளுமாக, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு குருவி. எங்கள் போடியில் இதற்கு லவ் பேர்ட்ஸ் என்றுதான் பெயர். ஒன்றே ஒன்று இருந்தாலும் லவ் பேர்ட்ஸ்தான். அண்ணன் வாரம் முழுக்கக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கிடப்பார், சனிக்கிழமைதான் மலையிறங்குவார். மகளும் கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்விட்டதால் மதினி ஒற்றையாக இருக்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மதினி கூண்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் என் பக்கம் திரும்பினார். "பேச்சுத் துணைக்கு ஆள் இல்லேன்னு சொன்னேன் கொழுந்தனாரே. ஒங்க அண்ணன் ஆளுக்குப் பதிலா குருவியக் கொண்டாந்துட்டாரு. அதுவும் ஒத்தக் குருவி. இது யார லவ் பண்ணும்?"

நான் அப்போது போடியில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்து, மதினி கையால் சாப்பிட்டு, மதினி வாயால் வசவும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் ராசிங்காபுரத்துக்காரர். ஆடு மாடுகளோடு வளர்ந்தவருக்குப் பால் கொடுக்காத, உழவுக்குப் போகாத ஒரு உயிரைக் கூண்டில் வைத்துச் சோறு போடுவது வேண்டாத வேலையாகப் பட்டது. ஒரு வாரம் திட்டினார். இரண்டாம் வாரத்திலிருந்து அதற்கு "மாப்ளே" என்று பெயர். காலையில் கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரை மாற்றும்போது, "ஏண்டா மாப்ளே, தின்ன சோத்துக்கு ஒரு சோலி உண்டா ஒனக்கு?" என்று கேட்பார். குருவியும் ஏதோ பதில் சொல்லும். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் காப்பி தாமதமாகும்.

கூண்டு தொங்கியது முன்னறையில். எங்கள் முன்னறை என்றால் பாதி வீடு, பாதி கிட்டங்கி. மலையிலிருந்து வந்த ஏலக்காய் ஒரு சுவர் முழுக்க மூட்டையாக அடுக்கியிருக்கும். சரக்கை ஏலம் விடக் கொண்டுபோகும் முன்னால் மதினி தரையில் உட்கார்ந்து, காயைத் தேய்த்துக் காம்பு நீக்கி, சலித்து, பெரிசு சிறிசு பிரிப்பார். சன்னலைத் திறந்தால் வெயில் பட்டுக் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று சாத்தியே வைத்திருப்பார்கள். அந்த அறைக்குள் நுழைந்தாலே மணம் தூக்கும். வெளியூர்க்காரர்கள் மூச்சை இழுத்துவிட்டு, "ஆகா, கொடுத்து வைத்தவர்கள்" என்பார்கள். அந்த மணத்துக்குள் எவ்வளவு தூசி இருந்தது என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. மதினிக்கு எப்போதும் ஓர் இருமல் உண்டு. இரண்டு தடவை வறட்டு இருமல், பிறகு தொண்டையைக் கனைத்து ஒரு செருமல். சுவர்க்கடிகாரச் சத்தம் மாதிரி அதுவும் வீட்டோடு பழகிப்போயிருந்தது.

அதை முதலில் கவனித்தது குருவிதான். ஒரு சாயங்காலம் மதினி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்க, முன்னறையில் அவர் இருமல் கேட்டது. இரண்டு இருமல், ஒரு செருமல். எட்டிப் பார்த்தால் கூண்டுக்குள் மாப்ளை மார்பை நிமிர்த்திக்கொண்டு இருமுகிறது! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. மதினிக்குப் பொய்க்கோபம். "பேச்சுச் சொல்லிக்குடுத்தா இருமக் கத்திருக்கு பாருங்க, தறுதல." வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இருமலைக் கேட்காமல் போகமாட்டார்கள். அண்ணன் மலையிலிருந்து போன் பண்ணினால் கூண்டருகே போனைப் பிடிக்கச் சொல்வார்.

அதனால்தான், அது உண்மையிலேயே திணறியபோதும் நான் சிரித்தேன். டிக், டிக் என்று தொண்டைக்குள் ஒரு புதுச்சத்தம். மாப்ளை புதுசாக ஏதோ பழகுகிறான் என்றேன். மதினி சிரிக்கவில்லை. பேப்பர் மாற்றுகிற கைக்கு முதலில் தெரிந்திருக்கிறது: எச்சம் தண்ணீராகப் போகிறது. தினைக் கிண்ணத்தைக் கொத்துகிறது, ஆனால் தினை குறையவில்லை. தின்பதுபோலப் பாவனை பண்ணுகிறது. மறுநாள் அது கம்பியில் ஏறாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. போனில் அண்ணன் சொன்ன வைத்தியம், "ஏலக்காயத் தட்டிப் போட்டுத் தண்ணி குடு, சரியாப்போகும்." தலைவலியோ வயிற்றுவலியோ, போடிக்காரனுக்கு வேறு மருந்து தெரியாது. மதினி அதையும் செய்தார். அது கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. "கொழுந்தனாரே, வெரசாக் கெளம்புங்க. தேனிக்குப் போவோம்" என்று கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கினார்.

பஸ்சில் பழைய சேலையால் கூண்டைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர், "லவ் பேர்ட்ஸுக்கும் டிக்கெட் உண்டுக்கா" என்று சீண்டினார். மற்ற நாளாக இருந்தால் அந்த மனிதர் மதினியிடம் தப்பியிருக்க மாட்டார். அன்று மதினி சேலைக்குள் கைவிட்டு, "இருடா மாப்ளே, இருடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். தொடுவதற்கு முன்னால் வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "பறவைங்க முடியலேங்கறத வெளிய காட்டாதும்மா. இனி மறைக்க முடியாதுங்கும்போதுதான் நம்ம கண்ணுல படும். வாலு ஆடுது பாருங்க, மூச்சுக்கு அவ்வளவு கஷ்டப்படுது." தூசி நிறைந்த அறையா, மருந்தடித்த சரக்கு ஏதும் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டார். நான் முன்னறையைப் பற்றியும் குருவி அங்கே வந்த கதையையும் சொன்னேன். நடுவில் மதினி இருமினார். இரண்டு இருமல், ஒரு செருமல். நான் வாத்தியார் புத்தியில், குருவி இதை அப்படியே செய்யும் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "குருவி அந்த ரூமுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. நீங்க எத்தன வருசமாம்மா அங்க ஒக்காந்திருக்கீங்க?"

"எனக்கென்ன டாக்டரம்மா, இது தூசி இருமலு. போடியில யாருக்கு இல்ல? நீங்க மாப்ளையப் பாருங்க" என்றார் மதினி.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஆஸ்பத்திரி ஆனது. கூண்டை மாடியில் என் அறைக்கு மாற்றி, ஒரு பக்கம் மட்டும் சூடு படும்படி பல்பு கட்டினோம். நான் குருவியைத் துணியில் சுற்றி, நெஞ்சை அழுத்தாமல் பிடிப்பேன். மதினி அலகின் ஓரத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஆடு மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டிய கை, இங்கே ஒவ்வொரு சொட்டையும் எண்ணி விட்டது. சனிக்கிழமை இறங்கிய அண்ணன் மேலே வந்து பார்த்தார். கீழே போய் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு, மூட்டை அத்தனையையும் கடைத்தெருவில் ஒரு கிட்டங்கிக்கு ஏற்றிவிட்டார். முன்னறைச் சன்னல்கள் திறந்தன. அடுத்த வாரத்தில் மாப்ளை கம்பியில் ஏறியது, தினையை உடைத்தது. மதினி என் அறை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மதினியைத் தேனியில் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போக அதைவிடப் பாடுபட்டோம். குருவிக்கு மருந்து முடியட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று நாள் கடத்தினார். "நீங்க வரலேன்னா கூண்டத் திறந்து விட்டுடுவேன்" என்று நான் மிரட்டிய பிறகுதான் வந்தார். நுரையீரல் ரொம்ப நாளாகவே கெட்டிருந்தது; இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் இன்றைக்கும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. மாப்ளை அதற்குப் பிறகும் சில வருடம் இருந்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தது.

நான் மதுரையோடு வந்துவிட்டேன். போன மாதம் போடிக்குப் போயிருந்தபோது, வெயில் விழுந்த முன்னறையில் மூன்று பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "மாப்ளைக்குன்னதும் அண்ணன் ஒரே நாள்ல மூட்டையத் தூக்கிட்டாரே மதினி. அதுக்கு முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பாரு. அவரு நல்ல மனுசன்" என்றார் மதினி. டம்ளரைக் கீழே வைத்தார். "மாப்ளைக்கு மூச்சு முட்டுனது நம்ம எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்கு முட்டுனது மாப்ளைக்கு மட்டுந்தான் கேட்டிருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணன் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.