மூடாத லேப்டாப்

அண்ணாச்சியின் லேப்டாப் மூலையில் ஒரு ரப்பர்த் துண்டு ஒட்டியிருக்கும். பழைய செருப்பில் வெட்டியது. மூடினாலும் ஒரு விரற்கடை இடைவெளி நிற்கும். திரை கீறாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். தென்காசியில் அவர் கடையில் வேலை பார்த்தபோது, அவர் செய்த எதையும் ஏனென்று கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

பழைய லேப்டாப்களில் கம்பெனி போட்ட ஃபர்ம்வேரை, அதாவது பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்து மற்றதை எழுப்பும் மென்பொருளை, அழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ஒன்றை ஏற்றி விற்பார். ஏற்றுவது என் வேலை. மற்ற மாதங்களில் ஒரு புகாரும் வராது. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் வரிசையாக வருவார்கள், எழுதியதெல்லாம் குழம்பிவிட்டதென்று. "சாரல் ஈரம்லா" என்பார் அண்ணாச்சி. சீசனில் உப்பே கசிகிற ஊர், நானும் தலையாட்டினேன்.

கடையத்து டீச்சர் ஒருவர் வருஷக்கணக்கில் எழுதிய ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் அப்படிப் போயிற்று. நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "பிள்ள அருவில குளிச்சிட்டு ஈரக்கையோட தொட்டிருக்கும் டீச்சர். நான் கண்டிக்கேன்." டீச்சர் என் கையைப் பார்த்தார். அந்த சீசனில் நான் அருவிப் பக்கமே போகவில்லை.

ரோஷம் வந்துவிட்டது. அந்த லேப்டாப்பின் மெமரி முழுக்க ஒரே எண்ணை நிரப்பி, அணைக்காமல் மூடித் தூங்கவைத்து, திறந்து பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் எண் மாறியிருந்தது. மெமரியையே மாற்றிப் போட்டேன். அதே இடம். ஈரம் இடம் பார்த்தா இறங்கும்? தூங்கி விழிக்கும்போது ஃபர்ம்வேர்தான் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதி, அங்கிருந்ததை அழித்துக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறோம். சாரல் விழுந்தால்தான் எல்லோரும் பாதியில் மூடிவைத்துவிட்டு அருவிக்கு ஓடுகிறோம்.

அப்போதுதான் அந்த ரப்பர்த் துண்டு உறைத்தது. முழுசாக மூடாத லேப்டாப் தூங்காது. அண்ணாச்சியிடமே கேட்டேன். "தெரியும்ட்டி" என்றார், நிமிராமல். "சாரல்னு சொன்னா யாரும் நம்மளக் குறை சொல்ல மாட்டாங்கல்லா." நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். நானே கடையத்துக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விடும்மா, சின்ன பிள்ளதான" என்று சிரித்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

இப்போது எனக்குத் தனிக்கடை. போன வாரம் அண்ணாச்சி அதே லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "இதையும் சரி பண்ணிக் குடுத்துரு." நான் திருத்திவைத்திருந்த ஃபர்ம்வேரை ஏற்றினேன். ரப்பரைப் பிய்த்துவிட்டு மூடித் திறந்தேன். எதுவும் அழியவில்லை. டீச்சரைப் பற்றி அவர் கேட்கவில்லை. ரப்பர்த் துண்டு என் மேசையில் கிடக்கிறது. இன்றும் ஒரு லேப்டாப்பைத் தொடுமுன் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறேன், ஈரம் இல்லை என்று தெரிந்தும்.