கடைசி நிரைக்குப் போன கட்டுரை

நான் கட்டுரை சேர்க்கிறவள். நகை சேர்க்கிறாள், பாத்திரம் சேர்க்கிறாள் என்றால் ஊருக்குப் புரியும். கைப்பேசியில் கட்டுரை சேர்க்கிறாள் என்றால், பாவம், பிழைக்கத் தெரியாதவள் என்பார்கள். என் வீட்டுக்காரர் அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூனாகலைப் பக்கம். அங்கே பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பின்னேரம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. பின்வாசல் படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் வரும். நான் உலகத்தைச் சுற்றிப் பார்த்ததெல்லாம் அந்தப் படியில் இருந்தபடிதான்.

என்னென்ன கிடைத்தன! புல்லைத் திரித்துக் கயிறாக்கி, வருடா வருடம் ஊரே கூடி ஆற்றுக்கு மேலே பாலம் பின்னுகிற மலைச் சனங்கள். நாள்கணக்காகக் குனிந்திருந்து வண்ண மணலால் படம் போட்டு, முடிந்ததும் அதைத் தாங்களே கூட்டி அள்ளிவிடுகிற துறவிகள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் சாமியை வார்க்கிறவர்கள். தமிழில் கிடைத்தால் ஒரே மூச்சில் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் தட்டுத் தடுமாறிப் படிப்பேன், ஆனால் விடமாட்டேன். படித்து முடித்துத் தலை நிமிர்ந்தால், எதிரே அதே மலை, அதே தேயிலை. மனிதர்கள் இப்படியெல்லாமா இருக்கிறார்கள் என்று வாயடைத்துப் போய் உட்கார்ந்திருப்பேன்.

இதையெல்லாம் ஒருத்தியாக வைத்துக்கொண்டிருக்க முடியுமா? தோட்டத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருத்தியும் திறந்து பார்க்கவில்லை. கும்பிடு போட்டார்கள், பூப் போட்டார்கள், அத்தோடு சரி. பிறகுதான் யோசனை வந்தது. கட்டுரையை நானே வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன்.

அது எப்படிப் போகிறது என்பதே ஒரு கதை. காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க, எல்லாரும் கூடுவார்கள். அங்கே நிற்கும்போது ஒரு பெண் என் பதிவைக் காதில் வைத்துக் கேட்பாள். மலைக்குள் இறங்கிவிட்டால் கைப்பேசியை எடுக்கக் கூடாது, எடுத்தால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். அதனால் அவள் பறித்துக்கொண்டே பக்கத்து நிரைக்காரிக்குச் சொல்வாள். தேயிலைச் செடி வரிசை வரிசையாக இருக்கும், ஆளுக்கு ஒரு நிரை. இரண்டாம் நிரை மூன்றாம் நிரைக்குச் சொல்லும். இப்படியே கடைசி நிரை வரை போகும்.

ஒரு நாள் பின்னேரம் பிள்ளையைத் தூக்க வந்த ஒருத்தி, "ஏங்க, அந்தப் புல்லுப் பாலத்துல மொத மொதல்ல வயித்துப் புள்ளக்காரியத்தான் நடக்க உடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கட்டுரையிலும் இல்லை. நாலாவது நிரையோ ஆறாவது நிரையோ சேர்த்துவிட்டிருக்கிறது. கோபம் வரவில்லை, மலைத்துப் போனேன். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, இரண்டு கையும் கொழுந்து கிள்ள, வாய் மட்டும் எங்கோ ஒரு தேசத்துப் பாலத்தைப் பின்னிக்கொண்டு போகிறது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. டீவி நாடகக்காரர்கள் மாதிரி, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு "மிச்சம் நாளைக்கு" என்று சொல்லப் பழகினேன். மறுநாள் பெரட்டில் எல்லாரும் என் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவே சுகமாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் ஓவியரைப் பற்றிய கட்டுரை கிடைத்தது. மேல்நாட்டுக்காரர். தன் தோட்டத்துக் குளத்தையே வருடக்கணக்காக வரைந்தவர். வயதான காலத்தில் கண்ணில் புரை விழுந்துவிட்டது. நாமென்றால் தூரிகையைத் தூக்கிப் போட்டிருப்போம். அவர் விடவில்லை. சாயத்தின் மேல் ஒட்டியிருக்கும் பேரைப் பார்த்து, இது நீலம், இது பச்சை என்று தெரிந்துகொண்டு வரைந்தாராம். ஆனாலும் அந்தக் குளம் வரவரச் செம்மண் நிறமாகிக்கொண்டே போனது. கடைசியில் புரையை எடுக்க ஒரு கண்ணை அறுத்தார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் எங்கும் நீலம். பழைய கண்ணால் தான் போட்ட படங்களைப் பார்த்து அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சிலவற்றைக் கிழித்தே போட்டார்.

அங்கே நிறுத்தினேன்.

மிச்சம் சின்னதுதான். ஆத்திரம் அடங்கியது, கண்ணாடி போட்டார், புதுக் கண்ணால் அதே குளத்தைத் திரும்ப வரைந்தார், சாகிற வரைக்கும் வரைந்தார். அதை மறுநாளைக்கென்று வைத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் பிடித்த மழை விடவில்லை. மண்மேடு சரிந்து கம்பம் விழுந்து மின்சாரம் போனது. சிக்னலும் போனது. முதல் பாதி அதற்கு முன்பே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, ஆனால் புதனும் வியாழனும் சிக்னல் இல்லாமல் என் கைப்பேசி வெறும் பெட்டி.

கடைசி நிரை என் நாத்தனாருடையது. வீட்டுக்காரருக்கு மூத்தவர், எனக்கு அண்ணி. புருசனைச் சாகக் கொடுத்தவர், எங்களுக்குக் கீழே உள்ள லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். அண்ணிக்கும் எனக்கும் பாம்பும் கீரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒட்டும் இல்லை. என் பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை. இளங்கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாமல் விரலால் தடவித்தான் பறித்துக்கொண்டிருந்தார். மலையின் ஓரத்து நிரையை அவர் கேட்டு வாங்கியதே, யார் கண்ணிலும் படாமல் மெல்லப் பறிக்கத்தான். கங்காணி கண்டுபிடித்துவிட்டார். கூடையில் இன்னொரு தரம் முற்றல் வந்தால் நிரையை விட்டுத் தூக்கிப் புல்வெட்டுக்குப் போட்டுவிடுவேன் என்றார். பதின்மூன்று வயதில் பிடித்த வேலை. எத்தனையோ மாதம் காத்திருந்து, பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை அறுக்க நாள் கொடுத்திருந்தார்கள். அது அந்த வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரர் பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"அக்கா போகலையாம்."

"ஏனாம்?"

"கண்ணு எனக்குத்தானே போகும், ஒனக்கென்னன்னு கேக்குது."

பிடிவாதம் என்று நான் பல்லைக் கடித்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்திருந்த பெண்களில் ஒருத்தி குறுக்கே புகுந்தாள். "பின்ன பயமா இருக்காதாங்க? அந்தப் படம் வரையிற மனுசனுக்குக் கண்ண அறுத்து, கண்ணே போயிருச்சில்ல?"

அங்கே நின்றவர்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டேன்.

"கிழிச்சாருன்னுதாங்க நான் சொன்னேன்," என்றாள் முதல் நிரைக்காரி.

"ஏன் கிழிச்சாருன்னு இவ கேட்டா. அறுத்த பெறகு எல்லாம் வேற மாதிரி தெரிஞ்சிச்சாம், மனுசனால தாங்க முடியலன்னு சொன்னேன்," என்றாள் அடுத்தவள்.

"எங்க மாமாவுக்கும் அறுத்த பெறகு சீழ் வெச்சு ஒரு கண்ணு போச்சுங்க. இவருக்கும் அப்பிடித்தான் ஆயிருக்கும்னு சொன்னேன்," என்றாள் இன்னொருத்தி.

யாரும் பொய் சொல்லவில்லை. நான் மிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டேன், அவர்கள் கையில் இருந்ததைப் போட்டு மிச்சத்தைச் செய்துகொண்டார்கள். பாதிக் கதையை அனுப்பிவிட்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அது நிரை நிரையாக இறங்கி அண்ணியின் கண்ணில் போய் நின்றிருக்கிறது. என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதருக்குக் கண் போகவில்லை, அதற்குப் பிறகும் வரைந்தார், மிச்சத்தை நான்தான் சொல்லாமல் விட்டேன் என்றேன்.

"ஏன் விட்ட?"

"நீங்கள்லாம் அடுத்த நாளும் ஆசையாக் கேக்கணும்னுதாங்க அண்ணி."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "அன்னைக்கு இல்லாத மிச்சம் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு? என்னைய பஸ் ஏத்துறதுக்குத் தம்பியும் நீயுமா சேந்து கட்டுறீங்க. போங்க, போய் வேலையப் பாருங்க."

பாதி சொல்லிப் பழகியவள் மிச்சத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போதுதான் படங்களின் நினைவு வந்தது. கட்டுரையோடு படங்களையும் நான் எப்போதும் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வேன், சார்ஜும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒன்று, புரையோடு வரைந்த குளம். செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும். மற்றது, அறுத்த பிறகு வரைந்தது. நீலமும் ஊதாவும் தண்ணீரில் மிதக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணி கையில் கொடுத்தேன். "பாருங்க. அறுத்த பெறகு எப்பிடி வரைஞ்சிருக்காருன்னு நீங்களே பாருங்க."

அண்ணி கைப்பேசியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே படந்தானே," என்றார்.

நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர்தான் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இல்லக்கா. ஒண்ணு செங்கல் கலரு. மத்தது முழுக்க நீலம்."

"எது நீலம்?"

நான் அண்ணியின் விரலைப் பிடித்து அந்தப் படத்தின் மேல் வைத்தேன். விரல் அங்கேயே இருந்தது. கடல் கடந்து, காலம் கடந்து, அந்த ஓவியர் நின்ற அதே இடத்தில் என் அண்ணி, லயத்துக் காம்பராவில், அடுப்புப் புகையில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை கட்டுரை படித்தேன், எத்தனையைக் கண்டு வியந்தேன்! இதற்கு முன் எதுவும் என்னை இப்படி ஆட்டிப் போடவில்லை.

அண்ணி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "காலைல எத்தன மணிக்கு பஸ்?" என்றார்.

வெள்ளிக்கிழமை அறுத்தார்கள். ஓர் இரவு வைத்திருந்து, சனிக்கிழமை காலையில் கட்டை அவிழ்ப்பதாகச் சொன்னார்கள். விடியற்காலையில் கிளம்பிய எனக்குப் பண்டாரவளையில் பஸ் மாறும்போது சிக்னல் வந்தது. நின்றபடியே கட்டுரை முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை சொல்லிப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து எதையும் பாதியில் நிறுத்துவதில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வீட்டுக்குக் கிளம்பத் தயாராகப் பையில் இருந்த சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் மிஸ் வந்து கட்டை எடுத்தார். அண்ணிக்குக் கண் கலங்கியது. இமையை இரண்டு மூன்று முறை மூடித் திறந்தார். என் முகத்தைப் பார்ப்பார் என்று நான் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் மடியைப் பார்த்தார். முந்தானையை எடுத்துக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தினார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினார்.

"இது நீலமா புள்ள?"

"ஆமாங்க அண்ணி. கருநீலம்."

போன தீபாவளிக்கு நான் பண்டாரவளையில் தேடித் தேடி எடுத்துக் கொடுத்த சேலை. ஒரு நாளும் கட்டவில்லை. எத்தனை எடுத்துக் கொடுத்தாலும் இந்த மனுசிக்கு மனசு நிறையாது என்று வீட்டுக்காரரிடம் நான் குமுறியிருக்கிறேன்.

"கறுப்புச் சீலன்னு நெனச்சேன், ஆசுபத்திரிக்கு ஆகும்னு எடுத்து வெச்சேன்," என்றார் அண்ணி. "நல்ல நாளும் அதுவுமா, தாலியறுத்தவளுக்கு இது போதும்னு எடுத்துட்டு வந்துட்டன்னு நெனச்சேன்."

அண்ணி முந்தானையை மடியில் விரித்து மடிப்பை நீவிவிட்டார்.

"நல்லாத்தான் எடுத்திருக்க," என்றார்.

பஸ் ஏறும் வரை அந்த முந்தானையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.