மூன்று தண்ணீரில் களைந்த ஓட்ஸ்

"சும்மா இரு லா. உன்னை இனிமே யாரும் கிண்டப் போறதில்ல."

காலை ஐந்து மணிக்குப் பின்சுவருக்கு அப்பால் புஷ்பவல்லி அக்கா சட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். சட்டிக்குள் ஓட்ஸ். அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு, ஒரு விரலை நீட்டி எச்சரித்துவிட்டு வாசலுக்குப் போய் வேனைக் கிளப்புவார். எஞ்சின் சூடாக வேண்டும். நான்கு டயருக்கும் தலைக்கு ஓர் உதை. கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துணியால் ஓர் இழுப்பு. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஓட்ஸ் வெந்திருக்கும். இந்த நேரக் கணக்கைக் கண்டுபிடிக்க அவருக்கு ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரமும் ருசி பார்க்கும் எலியாக இருந்தவன் நான். ஆகவே இதை எழுத எனக்கு முழு உரிமை உண்டு.

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டியவை. பின்கட்டில் நெஞ்சளவுச் சுவர்தான் எல்லை. அவர் வீட்டில் கடுகு வெடித்தால் என் வீட்டில் தும்மல் வரும். அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. குட்டையான உருவம், கட்டை விரலில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ், தலையில் தவறாமல் ஒரு முழம் மல்லிகை. இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். பதினொரு பெண்களை வீடு வீடாக ஏற்றி, ஷா ஆலமில் இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஏழு மணிக்குள் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாங்க. நான் வேன் வாங்கிக்கிட்டேன். இது நான் சொன்ன இடத்துல நிக்கும்."

ஹாரன் அடிக்க மாட்டார். அது மரியாதை இல்லையாம். அதற்குப் பதிலாகக் கண்ணாடியை இறக்கி, பயணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஹாரன் எவ்வளவோ தேவலை என்று தெருவே நினைக்கிறது. அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்படி இருந்த மனுஷியைத்தான் கிளினிக்கில் ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி நான்கு. அடுத்த மூன்று மாதத்தில் எட்டுக்குக் கீழே வராவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தாதி கேட்டிருக்கிறார். எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய் இரண்டு, ஒரு தே தாரிக் தேநீர், பாலும் சீனியும் தூக்கலாக என்று அக்கா பெருமையோடு பதில் சொல்லியிருக்கிறார். தாதி ஒரு காகிதத்தில் 'ஓட்ஸ்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை சுவருக்கு மேல் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"ஊசிக்கு எனக்குப் பயம் இல்ல தம்பி. வருஷா வருஷம் வேன் லைசென்ஸுக்கு டாக்டர் கையெழுத்து வேணும். ஊசி போடுற ஆளுன்னு தெரிஞ்சா எந்த டாக்டர் போடுவான்? ஸ்டேரிங்க வாங்கிட்டா அப்புறம் நான் யாரு?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது அக்கா என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்கிறவனுக்கு லைசென்ஸ் சட்டம் எங்கே தெரியும்! ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை முதல் கிண்ணம் சுவர் ஏறி வந்தது. வாயில் வைத்தேன். என்ன சொல்வது? சுவரொட்டி ஒட்டும் பசையைக் கொஞ்சம் ஆறவைத்தால் கிட்டத்தட்ட அப்படி இருக்கும். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, உயிரும் இல்லை.

"எப்படி அக்கா செஞ்சீங்க?"

"எப்படிச் செய்வாங்க? மூணு தண்ணி விட்டுக் களைஞ்சேன். வெள்ளை வெள்ளையா வந்துகிட்டே இருந்துச்சு. பாதி சிங்க்குல போயிடுச்சு. அப்புறம் நிறைய தண்ணி வச்சு வேகவிட்டுக் கஞ்சியை வடிச்சேன்."

"ஓட்ஸைக் கழுவினீங்களா?"

"களையாம உலையில போடுவாங்களா? உங்க வீட்டுல என்ன பழக்கம் லா இது?"

அரிசியை மூன்று முறை களைந்தே வளர்ந்த கை. களைய வேண்டாம் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் அந்தக் கை கேட்காது. வேண்டாம் என்று நானும் சொன்னேன். "அழுக்கைத் தின்னச் சொல்றியா?" என்று திருப்பிக் கேட்டார். மூன்று வாரம் களைந்தார். மூன்று வாரம் நான் விழுங்கினேன். சிங்க் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. மிஞ்சிய ஓட்ஸையும் வீணாக்க மனம் வராமல், 'வேனில் சாப்பிடக் கூடாது' என்று எழுதிவைத்திருந்த அட்டையை அதை வைத்தே ஸ்டேரிங்குக்கு மேலே ஒட்டினார். அட்டை இன்று வரை அசையவில்லை. அந்த ஓட்ஸ் என் வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

வேனில் சாப்பிடக் கூடாது என்ற சட்டமே அப்போது வந்ததுதான். அதற்கு முன் பெண்கள் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ச் சம்பால் மணக்க மணக்கச் சாப்பிட்டுக்கொண்டு போவார்கள். அக்காவும் கண்ணாடியில் பார்த்து, "எனக்கு ஒரு நெத்திலி" என்று இடது கையைப் பின்னால் நீட்டுவார். இப்போது அந்த வாசம் பட்டாலே அவருக்குக் கோபம் வந்தது. பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பதிலாக ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

பின்வரிசை வாணி சொன்ன யோசனைதான் நான்காவது வாரத்தை ஆண்டது. தேங்காய்ப்பால், வெல்லம், வாசத்துக்கு ஒரு துண்டு பண்டான் இலை. அந்தக் கிண்ணம் சுவர் ஏறி வந்தபோதே வாசம் முன்னால் வந்துவிட்டது. சாப்பிட்டேன். இன்னொரு கிண்ணம் கேட்டேன். அக்காவும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான்கு நாள் எங்கள் பின்கட்டில் திருவிழாதான். ஐந்தாம் நாள் அக்கா விரலைக் குத்திப் பார்த்தார். பதினான்கு. ஏழுக்குள் இருக்க வேண்டியது.

"நல்லா இருந்துச்சு இல்ல? அதான் தப்பு," என்று சொல்லிவிட்டு வெல்ல டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்குச் சர்க்கரை இல்லை என்பது அவர் நம்பிக்கை. நானும் சோதித்துப் பார்க்கவில்லை.

மறுபடியும் பசைக்கே திரும்பினார். அந்த நாட்களில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு கரண்டி விழுங்கி, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, "ஆச்சு" என்பார். பத்து மணிக்குப் பசி தாங்காமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார். உப்பாவது போடுங்கள் என்றால், "மருந்துக்கு யாராவது உப்புப் போடுவாங்களா?" என்று கேட்பார்.

இதற்கிடையில் வேன் தினமும் பத்து நிமிடம் தாமதமானது. ஏன் என்று பெண்களுக்குப் புரியவில்லை. சாலை நெரிசல் என்று அக்கா சாதித்தார். ஆறாவது வாரம், அக்கா இப்போது போய்க்கொண்டிருந்த சாலையைத் தோண்டிப்போட்டார்கள். வேறு வழியில்லாமல் வேன் பழைய பாதையில் வந்து, சிவப்பு விளக்கில், சரியாக ஷாஹுல் ஹமீது ரொட்டி வீசும் கடைக்கு எதிரில் நின்றது. ஹமீது ராமநாதபுரத்துக்காரர். வேலை பெர்மிட்டில் வந்து ஆறு வருடமாகிறது. அக்காவின் இரண்டு ரொட்டியும் அவர் கையால்தான் விழும். வேனைப் பார்த்ததும் மாவுக் கையோடு ஓடி வந்துவிட்டார்.

"அக்கா, நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா? ஆறு வாரமா ஆளையே காணோம். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் புரியல."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் மேல ஒண்ணும் இல்ல ஹமீது. உன் ரொட்டியைப் பார்த்தா என்னால தாங்க முடியாது. அதான் சுத்திப் போறேன்."

பின்வரிசையிலிருந்து வாணியின் குரல் எழுந்தது. "அப்போ சூப்பர்வைசர்கிட்ட நாங்க ஆறு வாரமா திட்டு வாங்குனது ரொட்டிக்காகவா?"

பெண்களை இறக்கிவிட்டு அக்கா நேராக ஹமீது கடைக்கே வந்தார். என்னையும் போன் போட்டு வரவழைத்தார், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் ரொட்டி கேட்டுவிடுவாராம். சீனியில்லாத தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு தன் ஓட்ஸ் சரித்திரத்தை முழுவதும் சொன்னார். களைந்த இடம் வந்ததும் ஹமீது கையிலிருந்த மாவு வீச்சு பாதியில் நின்றது.

"ரவையைக் கழுவியா அக்கா உப்புமா கிண்டுவீங்க?"

"அது எப்படி லா கழுவ முடியும்?"

"அப்போ இதை மட்டும் ஏன்? வெறுஞ்சட்டியில வறுங்க. வாசம் வரணும். தண்ணியைத் தனியா கொதிக்கவச்சு உப்பு போடுங்க, அப்புறம் கொட்டுங்க. நெத்திலி வேணாமா, இஞ்சி வேணாமா, கறிவேப்பிலை வேணாமா? வாய் என்ன பாவம் செஞ்சுது?"

அக்கா தன் கையையே பார்த்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும்போது இருபது பேருக்கு உப்புமா கிண்டி எடுத்துப்போகிற கை அது. இதெல்லாம் தெரியாத ஆளில்லை. "எல்லாம் தெரியும் லா. தாதி கோடு போட்டுக் கொடுத்தாளா, நான் மருந்துன்னே நினைச்சுட்டேன்," என்றார்.

அன்று முதல் வறுத்தார். வாசம் வந்தது, உப்பு ஏறியது. ஆனாலும் கரண்டி சும்மா இருக்கவில்லை. ஸ்டேரிங்கை ஒரு நொடி விடாத பழக்கம் அடுப்படியிலும் தொடர்ந்தது. கிண்டினார், கிண்டினார், மறுபடி பசையே வந்தது, இந்த முறை வறுத்த பசை. நான் நாசூக்காக வயிற்று வலி என்றேன். "நடிக்காதே," என்று கிண்ணத்தைச் சுவரில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. அப்போதுதான் ஓட்ஸைக் கொதிநீரில் கொட்டியிருந்த அக்கா, அடுப்பை அணைத்து மூடியைப் போட்டுவிட்டு ஓடினார். நான் என் காரைப் பக்கத்தில் நிறுத்தி வயர் கொடுத்தேன். வேன் இருமி, செருமி, உயிர் வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அவ்வளவுதான், இன்று ஓட்ஸும் போச்சு, நேரமும் போச்சு என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார்.

மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, இங்க வா."

சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். சட்டியில் ஓட்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல், பூவாக, உதிரியும் மிருதுவுமாக நின்றது. மேலே இஞ்சியும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டி, முறுக வறுத்த நெத்திலியைத் தூவி, ஓர் அரைவேக்காட்டு முட்டையை உடைத்துவிட்டார். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். நெத்திலி நறநறத்தது, இஞ்சி மூக்கில் ஏறியது, ஓட்ஸ் என்ற பண்டம் முதல் தடவையாக வாயில் ஒட்டாமல் உள்ளே போனது. ஐயோ, எவ்வளவு நிம்மதி! அக்கா கிண்ணத்தை வழித்துவிட்டு, "தப்பா ஒண்ணும் இல்ல," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

பேட்டரியை மாற்றிவிட்டார். ஆனாலும் ஓட்ஸை மூடிவைத்துவிட்டு வேனுக்குப் போகிற வழக்கத்தை மாற்றவில்லை. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஹமீது கடைக்குத் தினமும் போனார், சீனியில்லாத தேநீருக்கு. ரொட்டி கேட்கவில்லை, சம்பால் மட்டும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்து கிளினிக் போக வேண்டிய நாள் வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரத்தம் போன வாரமே எடுத்துவிட்டார்கள். அன்றும் விரலைக் குத்திப் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் ஓட்ஸைப் பிளாஸ்கில் போட்டு வேனில் வைத்திருந்தார். நம்பர் நாற்பத்துமூன்று. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வேன் சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார், உள்ளங்கையில் அதன் அச்சு விழுந்திருந்தது. நம்பர் வந்ததும் தனியாகத்தான் உள்ளே போனார்.

வெளியே வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. என்னைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து வேனில் ஏறிக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். காகிதத்தை என் மடியில் போட்டார். ஏழு புள்ளி ஏழு. கீழே டாக்டர், ஊசி இப்போது வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

"அக்கா!" என்று கத்தினேன். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சாவியை அதன் இடத்தில் செருகிவிட்டு, கிளப்பாமல், பிளாஸ்கைத் திறந்தார். இரண்டு முறை கை வழுக்கியது. 'வேனில் சாப்பிடக் கூடாது' அட்டைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இஞ்சி வாசம் வேன் முழுக்கப் பரவியது. காலையிலிருந்து எனக்கும் பசி. மூன்று மாதமாகக் கழுத்தைப் பிடித்து ஊட்டியவர்தானே என்ற உரிமையில், பிளாஸ்க் மூடியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

அக்கா மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்து, இடது முழங்கையால் மறைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.