எலுமிச்சைத் தோலுக்கு இவ்வளவு பலமா

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் நந்தினிக்குப் பள்ளியில் ஓர் ஆய்வு கொடுத்தார்கள். 'கடையில் வாங்கும் திரவம் இல்லாமல் தரை துடைக்க முடியுமா?' என்ற கேள்வியை அவளே எடுத்துக்கொண்டாள். எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் ஊறவைத்து, மூடியைத் தளர்த்தி வைத்தாள். எதையும் தொடுவதற்கு முன், கண்டதையும் அதில் எழும் கேள்வியையும் நோட்டில் எழுதிவிடுவாள்.

"இனிமே சாப்பிடறதுக்கு முன்னாடியும் எழுதிட்டு வாம்மா" என்று கேலி செய்வேன்.

அவள் தன் அம்மாவோடு மணப்பாறைக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, வெல்லத்துக்கு எறும்பு மொய்த்தது. நான் ஊறவைத்ததை அப்படியே காலி ஊறுகாய்க் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, மூடியை இறுக்கித் திருகினேன்.

மூன்றாம் நாள் வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். "அப்பா, யாரு மாத்தினது? மூடி ஏன் உப்பியிருக்கு?"

"நான்தான். திறந்து பாரேன்."

"இருங்க, எழுதிட்டு வரேன்."

கூடத்துக்கு வந்து அவள் எழுதத் தொடங்கியதும் உள்ளே பாட்டில் வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் முகம் இருந்திருக்கும் உயரத்தில், மர அலமாரியில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. வெறும் தோலும் வெல்லமும் ஊறி வந்த வாயுவுக்கு அவ்வளவு பலம். நோட்டில் 'மூடி ஏன்' என்பதோடு பேனா கோடிழுத்து நின்றிருந்தது. அந்த இரண்டு சொற்கள்தான் என் பெண்ணை அங்கிருந்து நகர்த்தியிருக்கின்றன.

அவள் மறுபடியும் பிளாஸ்டிக் பாட்டிலிலேயே ஊறவைத்திருக்கிறாள். இப்போது அதைத் தினமும் திறந்து காற்றை வெளியேற்றுவது என் வேலை. தொடுவதற்கு முன், அவள் நோட்டில் நானும் ஒரு வரி எழுதுகிறேன்.