சிவப்பு நாட்டுச் சம்பந்தம்

என் தம்பியின் கல்யாணத்தை ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா நிறுத்தப் பார்த்தது. அதைப் பிடித்திருந்த கை என்னுடையது என்பதால் வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கொல்லிமலையில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பது என் வேலை. ஒருநாள் சுகாதார நிலையத்து டாக்டரம்மா மலையின் வரைபடத்தைக் கொடுத்து, எந்த நாட்டில் பக்கவாதத்தால் எவ்வளவு பேர் இறந்திருக்கிறார்கள் என்று சாவுக் கணக்கு நோட்டுகளைப் பார்த்துக் கலர் அடிக்கச் சொன்னார். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது, அவ்வளவுதான். நிறைய சாவு என்றால் சிவப்பு, நடுத்தரம் என்றால் மஞ்சள், இல்லை என்றால் பச்சை. எங்கள் நாட்டு நோட்டு நான் ஒரு வீடு விடாமல் கேட்டு எழுதியது. எங்கள் நாடு சிவப்பானது. ஓடைக்கு அந்தப் பக்கத்து நாட்டு நோட்டில் ஒரு பெயரும் இல்லை. பச்சை அடித்தேன். கோடு தாண்டாமல் அடித்திருக்கிறாய் என்று டாக்டரம்மா பாராட்ட, எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி நானே அதைச் சுவரில் ஒட்டினேன்.

அடுத்த வாரம் பல்வலி மாத்திரைக்கு வந்தவர் அந்தப் பச்சை நாட்டுக்காரர். என் தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா. படத்தின் முன் வெகுநேரம் நின்றாராம். மாலையே அம்மாவுக்கு போன் வந்துவிட்டது.

"ஏனுங்க, உங்க நாடு செவப்புங்க, நாங்க பச்சைங்க. பச்சையில பொறந்த புள்ளையச் செவப்புல கொண்டாந்து உட மனசு வரலீங்க. இத்தோட உட்டுரலாமுங்க."

தம்பி அன்று சாப்பிடவில்லை. அந்தப் பெண் போகிற பஸ்ஸில் அவளைப் பார்ப்பதற்காகவே வேலையில்லாத நாளிலும் ஏறி இறங்கியவன் அவன். அம்மா என்னை ஒரு பிடி பிடித்தாள்.

"ஏங்கண்ணு, அந்த டப்பாவுல ஊதாக் கலரே இல்லியா? நம்ம நாட்டுக்கு ஊதா அடிச்சாக் கையா ஒடிஞ்சிரும்?"

பிறகு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவரை விருந்துக்குக் கூப்பிட்டு, இந்த வீட்டில் உப்பும் இல்லை, கொதிப்பும் இல்லை என்று நாக்கிலேயே காட்டிவிடுவது. உப்பைக் குறையுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் தொண்டை வற்றியவள் நான். சொந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது அன்றுதான். எடுபட்டதும்தான் எடுபட்டது, ஒரு கல் உப்புக்கூடப் போடாமல் சமைத்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வந்தார். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல். தம்பி ஒரு வாய் விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, அருமை அருமை என்றான். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். கூரையைப் பார்த்தார். பிறகு நிதானமாக இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கல் உப்பு.

"உப்பிருக்காதுன்னு தெரிஞ்சேதானுங்க வந்தேன்" என்று சோற்றில் தூவினார், குழம்பில் தூவினார், வாழைப்பழத்தையும் விடவில்லை. என் தம்பி வெட்கமில்லாமல் தானும் கை நீட்டினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலையை எடுத்ததும் பிரஷர் மிசினைக் கொண்டுவந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். மேல் எண் இருநூறைத் தாண்டி நின்றது. மிசின் மேல் சந்தேகப்பட்டு அம்மாவுக்கும் தம்பிக்கும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது.

"மாமா, உங்களுக்குப் பிரஷர் ரொம்ப அதிகமுங்க. இப்பவே டாக்டரம்மாகிட்டப் போகோணும்."

அவர் சிரித்தார். "மிசினு உங்க நாட்டுது சாமி. அது உங்க நாட்டுப் பிரசரத்தான் காட்டும். எங்க மண்ணுல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வாதாடிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. சரி, கிளம்புங்கள் என்றேன். மிசினோடு நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால், மோர்ச் சொம்போடு அம்மா, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தம்பி. ஓடையைத் தாண்டினோம். நாற்காலியின் நான்கு காலும் தன் நாட்டில் இருக்கின்றனவா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். நடந்து வந்த படபடப்பு அடங்கட்டும் என்று நான் கொஞ்ச நேரம் பொறுத்தேன். மிசின் அந்தக் காற்றுக்குப் பழகட்டும் என்று அவரும் பொறுத்தார்.

எண் வந்தது. எங்கள் வீட்டில் காட்டியதைவிடக் கூடுதல்.

அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது முத்துனா என்னாகும் சாமி?"

ஒரு பக்கம் கை கால் வராது, வாய் கோணும், பேச்சுக் குழறும் என்று தினமும் சொல்வதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எங்கம்மா மூணு நாளு பேச்சு வராமக் கெடந்து செத்தா. காத்துச் சேட்டைன்னு மந்திரிச்சோம்." கையில் இருந்த பட்டையைத் தானே அவிழ்த்தார். "எங்கண்ணன் மொளகு பறிக்க மரத்துல ஏணி சாத்தி நின்னுட்டு, கை வரலடான்னான். பேச்சுக் கொழறுச்சு. குடிச்சிருக்கான்னு கீழ நின்னு திட்டுனேன். அப்பறந்தான் உழுந்தான். மரத்துல இருந்து உழுந்து செத்தான்னுதான் இத்தன வருசமும் சொல்லீட்டிருக்கறேன்."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அந்த நாட்டில் வீடு வீடாகப் போக வருஷக்கணக்காக ஆளே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், காலி நோட்டைப் பார்த்து, சாவே இல்லை என்று பச்சை அடித்தேன். அம்மா மோரை நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுலயுமா உப்பில்ல?" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தம்பி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பைக்கை எடுத்துவந்து அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். நானும் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா பார்த்து மாத்திரை கொடுத்தார். மாமா வெளியே வந்து வரைபடத்தின் முன் நின்றார்.

"எங்கம்மாளையும் அண்ணனையும் எழுதிக்க சாமி. அந்தப் பச்சைய அழிச்சிரு."

நோட்டில் எழுதினேன். "ரெண்டு பேருக்கெல்லாம் செவப்பு வராதுங்க மாமா."

"நீ எங்க ஊருக்குள்ள வந்து கேளு. வரும்."

மறுநாளே போனேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். முதல் வீட்டில் ஆட்கள் மிசினைப் பார்த்துவிட்டு உள்ளே நழுவப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை வாசலில் போட்டு, அதன் கையில் தட்டினார்.

"எங்கீங்க ஓடறீங்க? இது என்ர சம்பந்தி ஊட்டுப் புள்ளைங்க. வந்து கையக் குடுங்க."

பின்னால் என் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பி, அதை அப்படியே சேற்றில் போட்டுவிட்டான்.